விரல் எலும்பு முறிந்தால்: கம்பியா, பிளேட்டா, கரையும் உலோகமா?

விரல் எலும்பு முறிவு, அதைச் சேர்க்கப் பயன்படும் பொருள்கள், இப்போது நடக்கும் ஆராய்ச்சிகள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குக் கை அறுவைச் சிகிச்சை மருத்துவர்களும் பிசியோதெரபி நிபுணர்களும் இங்கே பதில் சொல்கிறார்கள்.

தையல் வேலை செய்கிறேன். மோதிரவிரலின் அடிக்கணு எலும்பு (உள்ளங்கையை ஒட்டியது) குறுக்காக முறிந்துவிட்டது. ஒரு மருத்துவர் இரண்டு கம்பி போதும் என்கிறார். இன்னொருவர் பிளேட் வைத்தால்தான் உறுதி என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
— வாசகி, கும்பகோணம்

பிளேட்தான் உறுதி என்பது உண்மைதான். ஆனால் விரலைப் பொறுத்தவரை உறுதியை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது. தொடை எலும்பைச் சுற்றிக் கனத்த சதை இருக்கிறது. விரலின் அடிக்கணு எலும்பைச் சுற்றிச் சதையே கிடையாது. மேல்புறத்தில் விரலை நீட்டும் தசைநாண், ஈரத் துணியைப் போர்த்தியதுபோல் எலும்பின்மேல் படிந்திருக்கிறது. உள்ளங்கைப் பக்கம், மடக்கும் தசைநாண்கள் இரண்டு ஒரே உறைக்குள் ஓடுகின்றன. விரல் மடங்கி நீளும்போதெல்லாம் இவை எலும்பின்மேல் வழுக்கிப் போய்வர வேண்டும். தோலைக் கீறி, தசைநாணைப் பிளந்து, உலோகத் தகட்டை வைத்துத் தைத்தால், புண் ஆறும்போது தசைநாண் தகட்டோடும் எலும்போடும் ஒட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம். எக்ஸ்ரேயில் எலும்பு அழகாகச் சேர்ந்திருக்கும், விரலோ பாதிதான் மடங்கும். ஊசி பிடிக்கிற கைக்கு அது பெரிய இழப்பு.

கே-வயர் என்று சொல்லும் கம்பி, ஜெர்மன் மருத்துவர் மார்ட்டின் கிர்ஷ்னர் 1909இல் அறிமுகப்படுத்தியது. அடிக்கணுவுக்குப் பெரும்பாலும் 0.9 முதல் 1.2 மி.மீ. தடிமனுள்ள எஃகுக் கம்பி போதும். விரலை இழுத்து எலும்பை நேர்ப்படுத்தி, சி-ஆர்ம் எனும், அறுவையின்போதே திரையில் காட்டும் எக்ஸ்ரேயில் பார்த்தபடியே, தோலைக் கீறாமல் பக்கவாட்டில் செலுத்துவார்கள். பார்க்க எளிதாகத் தெரியும், ஆனால் தவறு நடக்க இடம் உண்டு. விரலின் அடிமூட்டை நன்றாக மடக்கிப் பிடித்துக்கொண்டு கம்பியைச் செலுத்த வேண்டும். நீட்டிய நிலையில் செலுத்தினால் நீட்டும் தசைநாண் கம்பியில் குத்தி மாட்டிக்கொள்ளும், பிறகு மூட்டு மடங்காது. இரண்டு கம்பிகளும் முறிவுக் கோட்டிலேயே ஒன்றையொன்று வெட்டிச் சென்றால் எலும்புத் துண்டுகள் அச்சில் சுழன்றுவிடும், அவற்றுக்கிடையே இடைவெளியும் விழும். வெட்டும் புள்ளி முறிவுக்கு மேலேயோ கீழேயோ அமைய வேண்டும். டிரில்லை வேகமாக ஓட்டி, இடம் தவறித் தவறிப் பலமுறை குத்தினால் எலும்பு சூடேறும். 47 டிகிரி செல்சியஸ் சூடு ஒரு நிமிடம் நீடித்தாலே எலும்புச் செல்கள் சேதமாகும். அந்த இடத்தில் கம்பி தளர்ந்து ஆடும், ஆடுகிற கம்பியைச் சுற்றிச் சீழ் பிடிக்கும். அதனால்தான் மெதுவான வேகம், குளிர்ந்த சலைன் சொட்டு, முடிந்தவரை ஒரே குத்து என்று கற்றுக்கொடுக்கிறோம்.

பிளேட்டுக்கு உரிய இடமும் உண்டு. எலும்பு பல துண்டாகி நீளம் குறையும்போது, நடுவில் கொஞ்சம் எலும்பே காணாமல் போகும்போது, அறுந்த தசைநாணையும் தைத்து மறுநாளே விரலை அசைக்க வேண்டியிருக்கும்போது கம்பி போதாது. அடிக்கணு எலும்பு 1 மி.மீ. குட்டையானால் நடுமூட்டு ஏறத்தாழ 12 டிகிரி நீளாமல் நின்றுவிடும் என்பது ஆய்வகத்தில் அளந்து கண்ட கணக்கு. ஆகவே நீளத்தை விட்டுக்கொடுக்க முடியாது. சாய்வாகவோ சுருளாகவோ நீளமாக முறிந்திருந்தால் பிளேட் வேண்டியதில்லை, 1.3 அல்லது 1.5 மி.மீ. ஸ்க்ரூ இரண்டு மூன்று போதும். முறிவின் நீளம் எலும்பின் குறுக்களவைப்போல் இரு மடங்காவது இருக்க வேண்டும். ஸ்க்ரூ பிடிக்கும் துண்டு, ஸ்க்ரூவின் தடிமனைப்போல் மூன்று மடங்கு அகலம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முடுக்கும்போதே துண்டு பிளந்துவிடும்.

தோல் கிழியாத குறுக்கு முறிவு, இழுத்தால் நேராகிறது என்றால் எங்கள் சாய்வு கம்பிப் பக்கம். மருத்துவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: "தோலைக் கீறாமல் எலும்பு நேராகிறதா? எத்தனையாவது நாளில் விரலை மடக்கலாம்?" எதை வைத்தாலும், சிகிச்சை முடிந்ததும் நான்கு விரல்களையும் சேர்த்து மடக்கிப் பாருங்கள். ஒரு விரல் பக்கத்து விரலின்மேல் ஏறினால் எலும்பு சுழன்று நிற்கிறது என்று அர்த்தம். நீட்டிய கையில் இது தெரியவே தெரியாது, எக்ஸ்ரேயிலும் எளிதில் தவறிவிடும். அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

எலும்புக்குள்ளேயே கரைந்துபோகும் மக்னீசியம் ஸ்க்ரூ வந்திருப்பதாகப் படித்தேன். விரலுக்கு அது ஏன் பரவலாக வரவில்லை?
— பொறியியல் மாணவர், திருச்சி

யோசனை புதிதல்ல. பெல்ஜியத்தின் அறுவைச் சிகிச்சை மருத்துவர் ஆல்பின் லாம்போட் 1907 வாக்கிலேயே ஓர் இளைஞரின் கால் எலும்பில் மக்னீசியத் தகட்டை வைத்து, எஃகு ஆணியால் பொருத்தினார். எட்டே நாளில் தகடு சிதைந்தது, தோலுக்கடியில் வாயு நிறைந்தது. உடலின் உப்புநீரில் இரண்டு வெவ்வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருந்தால் அது ஒரு பேட்டரி. அதில் மக்னீசியம்தான் அரிக்கப்படும். இந்தப் பாடம் இன்றைக்கும் பொருந்தும். மக்னீசியம் ஸ்க்ரூவை டைட்டானியம் பிளேட்டோடோ எஃகுக் கம்பியோடோ தொடும்படி சேர்த்து வைக்கக்கூடாது.

மக்னீசியத்தின்மேல் ஆசை விடாததற்குக் காரணம் இருக்கிறது. வளைய மறுக்கும் விறைப்பை எண்ணால் சொன்னால் எஃகு ஏறத்தாழ 190 கிகாபாஸ்கல், டைட்டானியக் கலவை 110, மக்னீசியம் 45, எலும்பின் கெட்டியான ஓடு 15 முதல் 20. இந்த உலோகங்களில் எலும்புக்கு மிக நெருக்கமானது மக்னீசியம்தான். கரைந்தபின் இன்னொரு அறுவை செய்து எடுக்கவும் வேண்டாம். ஜெர்மனியின் ஹானோவரில் உருவான மக்னெசிக்ஸ் ஸ்க்ரூ 2013இல் ஐரோப்பிய அனுமதி பெற்றது. கொரியாவில் மக்னீசியம், கால்சியம், துத்தநாகம் சேர்ந்த கலவையில் ஸ்க்ரூ செய்து, மணிக்கட்டு எலும்பு முறிந்த 53 பேருக்குப் பொருத்தினார்கள். ஆறு மாதத்தில் முறிவு சேர்ந்தது, ஓராண்டுக்குள் ஸ்க்ரூ இருந்த இடத்தில் எலும்பு நிரம்பியது. 2016இல் அந்த முடிவுகள் வெளியாயின.

விரலில் சிக்கல் எங்கே என்றால், அளவில். மக்னீசியம் தண்ணீரோடு வினைபுரிந்து மக்னீசியம் ஹைட்ராக்சைடாகவும் ஹைட்ரஜன் வாயுவாகவும் மாறுகிறது. மேற்பரப்பிலிருந்துதான் கரைகிறது. 3 மி.மீ. ஸ்க்ரூவை 1 மி.மீ. ஆக்கினால், எடைக்கு எடை பார்த்தால் மேற்பரப்பு மூன்று மடங்காகிறது. கரையும் வேகத்தைக் குறைக்காவிட்டால் எலும்பு சேரும் முன்பே பிடிப்பு போய்விடும். இன்னொன்று, வாயு. இடுப்புப் பக்கம் சதைக்குள் வாயு கலைந்துவிடும். விரலில் எலும்புக்கும் தோலுக்கும் நடுவே இடமே இல்லை. எக்ஸ்ரேயில் ஸ்க்ரூவைச் சுற்றிக் கறுப்பு நிழல் தெரியும். முதல் சில மாதங்களில் அது எதிர்பார்த்ததுதான், சீழ் என்று பயந்து ஸ்க்ரூவை எடுத்துவிடக்கூடாது. ஆனால் மணிக்கட்டின் ஸ்கஃபாய்டு என்னும் சின்ன எலும்பில் வைத்த சிலருக்குப் பெரிய குழிகளே விழுந்தன என்று மருத்துவர்கள் எச்சரித்து எழுதியிருக்கிறார்கள். சின்ன எலும்புகளில் அவசரம் கூடாது என்பதற்கு அது போதுமான காரணம்.

கையாள்வதிலும் வேறுபாடு உண்டு. எஃகைப்போல் அழுத்தி முடுக்கினால் மக்னீசியம் ஸ்க்ரூவின் கழுத்து முறியும். முழு ஆழத்துக்குத் துளையிட்டு, கையால் மட்டுமே திருக வேண்டும். நீங்கள் பொறியியல் படிப்பவர் என்பதால் சொல்கிறோம்: மேற்பூச்சால் கரைதலைத் தள்ளிப்போடுவது, மக்னீசியத்தைவிட மெதுவாகக் கரையும் துத்தநாகத்தை வலுப்படுத்துவது என்ற இரண்டும் இப்போது நல்ல ஆராய்ச்சித் தலைப்புகள். விரல் எலும்புக்கு மூன்று நான்கு வாரம் உறுதியாகப் பிடித்து, அதன்பின் தாராளமாகக் கரைகிற 1 மி.மீ. கம்பியை யாராவது செய்துவிட்டால் அது பெரிய உதவி.

பல் அடைப்பதுபோல் எலும்பையும் ஒளி காட்டி ஒட்டிவிடலாம் என்கிறார்களே, உண்மையா?
— வாசகர், நாகர்கோவில்

உண்மை, ஆராய்ச்சி நிலையில். சுவீடனின் ஸ்டாக்ஹோமில் உள்ள கேடிஎச் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மால்கோக் தலைமையிலான வேதியியல் குழு இதில் முன்னணியில் இருக்கிறது. எலும்பிலுள்ள கனிமமான ஹைட்ராக்சிஅபடைட் தூள் கலந்த பிசினைப் பசைபோல் பரப்பி, வேண்டிய வடிவம் கொடுத்து, பல் மருத்துவர் பயன்படுத்துவது போன்ற ஒளியைக் காட்டினால் நொடிக்கணக்கில் இறுகுகிறது. வெறும் பசையாக ஒட்டியபோது சுமை தாங்காத இடங்களுக்குத்தான் அது போதுமானதாக இருந்தது. எலும்பு எப்போதும் ஈரமாகவும் கொழுப்பாகவும் இருப்பதால் எந்தப் பசைக்கும் அது கடினமான பரப்பு. ஆகவே அடுத்த கட்டமாக, முறிவின் இருபுறமும் சிறு உலோக ஸ்க்ரூக்களை நட்டு, அவற்றின் தலைகளை இணைத்து மேலே பிசினை வார்க்கும் முறைக்கு வந்தார்கள். அட்ஃபிக்ஸ் என்று அதற்குப் பெயர். ஆட்டின் கணு எலும்புகளில் அதன் வலுவைச் சோதித்தார்கள்.

கடையில் வாங்கும் பிளேட்டில் துளைகள் இருக்கும் இடத்தில்தான் ஸ்க்ரூ போட முடியும். இங்கே துண்டு எங்கே இருக்கிறதோ அங்கே ஸ்க்ரூ, அதற்கேற்ப பிளேட். விரலுக்கு இன்னொரு நன்மை: பரப்பு வழவழப்பாக இருப்பதால் தசைநாண் ஒட்டாது என்ற எதிர்பார்ப்பு. எலிகளில் செய்த சோதனை அதற்கு நம்பிக்கை தருகிறது. ஆனால் எலியின் கால் வேறு, மனிதனின் நீட்டும் தசைநாண் வேறு. மருத்துவமனையில் இப்போதே கேட்டு வாங்கக்கூடிய சிகிச்சை அல்ல.

லேத் வேலையில் நடுவிரல் முறிந்து கம்பி வைத்தார்கள். நாலாவது வாரம் கம்பியைப் பிடுங்கி, விரலை மடக்கு என்கிறார் மருத்துவர். எக்ஸ்ரேயில் முறிவுக் கோடு அப்படியே தெரிகிறதே, மறுபடி உடையாதா?
— வாசகர், கோவை

மடக்குங்கள். விரல் எலும்பு சேர்வதை எக்ஸ்ரே வெகுநாள் கழித்துத்தான் காட்டும். மூன்று நான்கு வாரத்தில் புதிய திசு முறிவைப் பிடித்துவிடும். கோடு முழுதாக மறைய மூன்று முதல் ஐந்து மாதம்கூட ஆகலாம். மருத்துவர் முறிந்த இடத்தை அழுத்திப் பார்த்திருப்பார். வலி இல்லை, ஆட்டம் இல்லை என்றால் அதுதான் முடிவான அடையாளம். கோடு மறையட்டும் என்று காத்திருந்தால் எலும்பு சேரும், மூட்டு இறுகிவிடும். இறுகிய நடுமூட்டை மீட்பது முறிவைச் சேர்ப்பதைவிடக் கடினம்.

முறை இது. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை, பத்துத் தடவை. முறிந்த கணுவை மற்றக் கையின் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு நடுமூட்டை மட்டும் மடக்கி நீட்டுங்கள், பிறகு நுனிமூட்டை மட்டும். இப்படித் தனித்தனியாகச் செய்தால்தான் ஒவ்வொரு தசைநாணும் அதன் இடத்தில் வழுக்கும். பக்கத்து விரலோடு சேர்த்து ஒட்டுப்பட்டை போட்டுக்கொள்ளலாம். மற்றவர் பிடித்து நெரித்து மடக்கிவிடுவது, எண்ணெய் போட்டு நீவுவது இரண்டும் வேண்டாம், வீக்கம் கூடும். இரும்பு தூக்குவதும் கனமான ஸ்பேனர் முறுக்குவதும் எட்டு முதல் பத்து வாரம் கழித்து, மருத்துவர் சொன்ன பிறகு.

சுண்டுவிரலுக்கு நேர்கீழே உள்ளங்கை எலும்பு முறிந்திருக்கிறது. எலும்புக்குள்ளேயே ஸ்க்ரூ போடுவார்களாமே?
— வாசகர், சேலம்

முதலில், அந்த எலும்பின் கழுத்துப் பகுதியில் முறிந்திருந்தால் பலருக்கு எதுவுமே போட வேண்டாம். 40 டிகிரி வரை சாய்ந்திருந்தாலும், விரல் சுழலாமல் இருந்தால், மோதிரவிரலோடு சேர்த்துக் கட்டி மூன்று வாரம் விட்டாலே கை நன்றாக வேலை செய்யும். கைமுட்டியில் அந்தக் குமிழ் கொஞ்சம் அமுங்கித் தெரியும், அவ்வளவுதான். இதே சாய்வு ஆள்காட்டி விரலின் கீழ் இருந்தால் ஏற்க முடியாது, ஏனென்றால் அங்கே உள்ளங்கை எலும்பு மணிக்கட்டோடு சேரும் மூட்டு, சுண்டுவிரலின் பக்கத்தில் உள்ளதுபோல் நெகிழ்ந்து ஈடுகொடுக்காது.

நடுத்தண்டில் குறுக்காக முறிந்திருந்தால் தலையில்லா ஸ்க்ரூ நல்ல வழி. ஆஸ்திரேலிய மருத்துவர் டிமத்தி ஹெர்பர்ட் ஸ்கஃபாய்டுக்காக உருவாக்கிய ஸ்க்ரூவின் வழிவந்தது இது. அடிமூட்டை மடக்கி, எலும்பின் தலையில் மேற்பகுதி வழியாக மெல்லிய வழிகாட்டிக் கம்பியைச் செலுத்தி, அதன்மேல் குழாய் ஸ்க்ரூவை ஏற்றிக் குருத்தெலும்புக்குக் கீழே புதைத்துவிடுவார்கள். தசைநாண் ஓடும் பாதையில் எதுவும் துருத்தாது. ஒரு வாரத்துக்குள் விரலை அசைக்கலாம். துண்டு துண்டாக நொறுங்கியிருந்தால், அழுத்திச் சேர்க்கும் வகை ஸ்க்ரூ எலும்பைக் குட்டையாக்கிவிடும். அங்கே இது பொருந்தாது.

நர்சிங் படிக்கிறேன். "விரலில் அட்ரினலின் கலந்த மரப்பு ஊசி போடவே கூடாது, விரல் கறுத்துவிடும்" என்று படித்தேன். மருத்துவமனையிலோ அதைத்தான் போடுகிறார்கள்.
— வாசகி, வேலூர்

அந்தப் பழைய விதி, புரோகெய்ன் என்ற மரப்பு மருந்தின் காலத்தில் பிறந்தது. வெகுநாள் இருப்பில் கிடந்த புரோகெய்ன் கடும் அமிலமாக மாறியது. விரல் அழுகியதில் அந்த அமிலத்துக்குப் பங்கு உண்டு, பழி மட்டும் அட்ரினலின்மேல் விழுந்தது. கனடாவின் மருத்துவர் டான் லலோண்டும் உடன் பணியாற்றியவர்களும் கையிலும் விரலிலும் அட்ரினலின் போட்ட 3,110 பேரைத் தொடர்ந்து கவனித்து 2005இல் வெளியிட்டார்கள். ஒருவருக்கும் விரல் போகவில்லை.

ஊசியில் இருப்பது: மரப்பு மருந்தான லிக்னோகெய்ன் 1 சதவீதம், அட்ரினலின் 1,00,000க்கு 1. உடல் எடையில் கிலோவுக்கு 7 மி.கி. லிக்னோகெய்ன் என்ற உச்சவரம்பைத் தாண்டக்கூடாது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 42 மி.லி. வருகிறது, விரலுக்கு அதில் சிறு பங்குதான் தேவை. போட்டபின் 25 நிமிடமாவது பொறுக்க வேண்டும். ரத்தம் நிற்க அவ்வளவு நேரம் பிடிக்கும். அவசரப்பட்டுக் கீறுபவர்கள்தான் "இது வேலை செய்யவில்லை" என்பார்கள். கையை இறுக்கும் பட்டை வேண்டாம், முழு மயக்கமும் வேண்டாம். எல்லாவற்றையும்விடப் பெரிய நன்மை, நோயாளி விழித்திருப்பது. கம்பி போட்டதும் "விரலை மடக்குங்கள்" என்றால் மடக்குவார். சுழற்சி இருந்தால் மேசையிலேயே தெரியும், அங்கேயே திருத்திவிடலாம். அட்ரினலினின் விளைவை முறிக்கும் மருந்தான ஃபென்டோலமைன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ரத்த ஓட்டம் ஏற்கெனவே குறைந்த விரல்களுக்கு, உதாரணமாகப் புகையால் வரும் பர்ஜர் நோய் உள்ளவர்களுக்கு, இது வேண்டாம்.

புத்தூர் கட்டு போட்டால் போதாதா?
— வாசகர், திருத்தணி

இடம் பெயராத முறிவு, எதைக் கட்டினாலும் சேரும். பயம் இரண்டு. எக்ஸ்ரே எடுக்காமல் கட்டினால் சுழற்சியும் மூட்டுக்குள் ஓடிய முறிவும் தெரியாது. இன்னொன்று, இறுக்கம். அடிபட்ட விரல் இரண்டு மூன்று நாள் வீங்கிக்கொண்டே போகும். முதல்நாள் சுற்றிய மூங்கில் பட்டையும் துணியும் விரிந்துகொடுக்காது. கட்டிய பிறகு வலி குறையாமல் கூடிக்கொண்டே போனாலும், நகம் நீலமானாலும், மரத்துப்போனாலும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், உடனே கட்டை அவிழ்த்துவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். மாவுக்கட்டுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மோதிரத்தை அடிபட்ட அந்த நிமிடமே கழற்றிவிட வேண்டும்.

எட்டு வயது மகனின் விரல் கதவில் நசுங்கி, நகம் அடியிலிருந்து பெயர்ந்து மேலே வந்து நிற்கிறது. நகத்தைப் பிடுங்கிக் கட்டுப் போட்டால் சரியாகுமா?
— வாசகி, மதுரை

கூடாது, இன்றைக்கே எக்ஸ்ரே எடுங்கள். பக்கவாட்டுப் படம் கட்டாயம் வேண்டும். குழந்தையின் நுனிக்கணு எலும்பு, அடிப்பகுதியிலுள்ள வளர்ச்சித் தட்டில் (எலும்பு நீளமாக வளரும் இடத்தில்) முறிந்து, நகத்தின் அடிச்சதை முறிவுக்குள் சிக்கியிருக்கலாம். சீமோர் முறிவு என்று இதற்குப் பெயர். வெளியே நகக்காயமாகத்தான் தெரியும், ஆனால் இது திறந்த எலும்பு முறிவு. சிக்கிய சதையை விடுவித்து, கழுவி, நகப்படுகையைத் தைத்து, தேவைப்பட்டால் மெல்லிய கம்பி வைத்து, ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டும். விட்டுவிட்டால் எலும்பில் சீழ் பிடிக்கும், நகம் கோணலாக வளரும், விரல் நீளம் குறையும்.

டைட்டானியம் பிளேட் விரலில் இருக்கிறது. எம்ஆர்ஐ எடுக்கலாமா?
— வாசகர், ஈரோடு

எடுக்கலாம். டைட்டானியம் காந்தத்தால் இழுக்கப்படாது. ஸ்கேன் எடுப்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அந்தக் கையையே படம் எடுத்தால் பிளேட்டைச் சுற்றி மங்கலாக விழும்.

கிரிக்கெட் கேட்ச் பிடிக்கும்போது பந்து நுனியில் பட்டு, விரல் நுனி தொங்கிவிட்டது. பிளாஸ்டிக் ஸ்பிளிண்ட் ஆறு வாரம் என்றார்கள். குளிக்கும்போது கழற்றலாமா?
— வாசகர், சென்னை

கழற்றலாம், ஆனால் நுனிமூட்டு ஒரு நொடிகூட மடங்கக்கூடாது. நீட்டும் தசைநாணின் கடைசி இழை, அல்லது அது பிடித்திருந்த எலும்புச் சில்லு, மெல்ல ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒருமுறை மடங்கினால் ஆறு வாரக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். மேசையின் விளிம்பில் விரலை நீட்டிப் பதித்து, நுனியைக் கட்டைவிரலால் தாங்கியபடி ஸ்பிளிண்ட்டை உருவுங்கள். துடைத்து, தோல் நன்றாகக் காய்ந்தபின் அதே நிலையில் மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டினால் தோல் வெளுத்துப் புண்ணாகும். நடுமூட்டு கட்டுக்குள் வரக்கூடாது, அதைத் தினமும் மடக்குங்கள். மூட்டுப் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சில்லாகப் பெயர்ந்திருந்தாலோ, நுனிக்கணு உள்ளங்கைப் பக்கம் நழுவியிருந்தாலோ கம்பி தேவைப்படலாம், எக்ஸ்ரேயில் அது தெரியும்.

ஆறு வாரத்துக்குப் பின்னும் இரண்டு மூன்று வாரம் இரவில் மட்டும் போடுங்கள். பிசியோதெரபியில் வெந்நீரில் நனைத்து வார்க்கும் ஸ்பிளிண்ட் 65 டிகிரி அளவில் இளகும் பிளாஸ்டிக். வெயிலில் நிற்கும் காரின் முன்பக்கத்திலோ பைக் சீட்டிலோ கழற்றி வைத்தால் வடிவம் மாறிவிடும். மாறியதை அப்படியே மாட்டிக்கொள்ளாமல், வார்த்துக் கொடுத்தவரிடமே போய்ச் சரிசெய்துகொள்ளுங்கள்.